பழகிரும் என்கிற பேச்சு

அன்புள்ள அண்ணாச்சி,
பாளையங்கோட்டையில் பார்மசி படிக்கிறேன். எலிகளுக்கு முதலில் சில நாள் மெத்தாம்பெட்டமைன் என்ற போதை மருந்தைச் சிறு அளவில் கொடுத்துவிட்டு, பிறகு பெரிய அளவு கொடுத்தால் மூளைச் சேதம் குறைகிறதாம். என் ரூம்மேட் இதைப் பிடித்துக்கொண்டு, "நான் கொஞ்சமாத்தான் எடுக்கேன், மூளை பழகிரும்" என்கிறான். இது சரியா? டீ, காபிக்கும் இப்படி உண்டா? அவன் வீட்டில் சொல்லலாமா?

தம்பி,

'பழகிரும்' என்ற இடத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. கொஞ்ச நாளாகவே மனசில் கிடந்து உறுத்துகிற சொல் அது. டீ, காபியை விடுங்கள், அதற்கு இங்கே வேலை இல்லை.

எலி விஷயம் உண்மைதான். பெரிய டோஸை ஒரே நாளில் சில மணி நேரத்துக்கு ஒரு தடவை போட்டால், மூளையில் ஸ்ட்ரயேட்டம் என்ற பகுதியில் டோபமைன் என்ற, நரம்புக்கு நரம்பு சேதி சொல்லும் ரசாயனம் வற்றி, அதைச் சுரக்கும் நரம்பு நுனிகள் கெடும். முன்கூட்டியே சிறு அளவு வாங்கிய எலிக்கு அந்த வற்றல் குறைவு. சூடும் இதில் பெரிய பங்காளி. இதே மருந்தைக் குளிர்ந்த அறையில் கொடுத்தால் சேதம் குறையும், சூடான அறையில் கூடும்.

சூடு என்றதும் எனக்குப் பெரியப்பா மகன் ஞாபகம். தூத்துக்குடியிலிருந்து பம்பாய்க்கு லாரி ஓட்டினான். யாரோ முழிப்பு மாத்திரை கொடுத்தார்கள். "அரை மாத்திரைதாம்ல, ஒடம்பு பழகிரும்" என்றான். ஒரு சித்திரை மாதம் வீட்டுக்கு வந்தவன் பம்புசெட் தொட்டியில் தலையைக் கொடுத்தபடி மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தான், எழுப்பிவிடத் தொட்ட எனக்குக் கை சுட்டது. ராத்திரி திண்ணையில் அவன் பல்லைக் கடிக்கிற சத்தம், கொட்டைப்பாக்கை நறுக்குகிற மாதிரி, விடிய விடியக் கேட்டது. பெரியம்மை தூங்கவே இல்லை. அதற்குள் அரை மாத்திரை மூன்றாகியிருந்தது.

பழகுவது எது என்று கேட்கவேண்டாமா தம்பி? நரம்பு நுனி கொஞ்சம் தாக்குப்பிடிக்கலாம். ஆசை பழகாது, அது வளரும். எலிகளிலேயே பாருங்கள், விட்டுவிட்டுச் சிறு அளவு கொடுத்தால் அதே அளவுக்கு ஆட்டமும் பரபரப்பும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். இதயமும் ரத்தக்குழாயும் உங்கள் ரூம்மேட் படித்த பாடத்தைப் படிக்கவில்லை. மனுசரைப் பற்றியும் தெரியும். அமெரிக்க மூளை ஆராய்ச்சியாளர் நோரா வோல்கோவ் குழு 2001ல் இந்தப் பழக்கத்திலிருந்து விலகியவர்களின் மூளையை ஸ்கேன் செய்தபோது டோபமைனைத் திரும்ப நரம்புக்குள் இழுத்துக்கொள்ளும் கடத்திகள் குறைந்திருந்தன. மாதக்கணக்கில் விலகியே இருந்தவர்களுக்கு அவை ஓரளவு மீண்டன, ஞாபகமும் கை கால் வேகமும் அந்த அளவுக்கு மீளவில்லை. அவர்களில் யார் முதல் நாளே அள்ளிப் போட்டிருப்பார்கள்? எல்லோரும் கொஞ்சத்தில் தொடங்கியவர்களாகத்தான் இருக்கும்.

உங்கள்மேல் எனக்குக் கோபம்தான். மருந்து படிக்கிற பிள்ளை நீங்கள். எலிக்கு எடை பார்த்து, மில்லிகிராம் கணக்கில், சுத்தமான மருந்து போகிறது. அவன் வாங்குகிற பொட்டலத்தில் என்ன, எவ்வளவு என்று அவனுக்குத் தெரியுமா, விற்றவனுக்குத்தான் தெரியுமா? இதை அவன் முகத்துக்கு நேரே கேட்காமல் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்.

வீட்டில் சொல்வது பற்றிக் கேட்டிருந்தீர்கள். சொல்லலாம், முதலில் அவனிடம் சொல்லிவிட்டுச் சொல்லுங்கள். நாளைக் காலையே ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போங்கள், சீட்டு வாங்குகிற வரிசையில் கூடவே நில்லுங்கள். அதற்கு முன்பே அவன் உடம்பு கொதித்து, பேச்சு குழறினால் நடுராத்திரி என்று பார்க்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். என்ன எடுத்தான் என்பதை அவர்களிடம் மறைக்காதீர்கள்.