மனநல உதவி நாயோடு ஊர் போக: கேள்வி-பதில்

*அண்ணாச்சி, மகளோடு, படபடப்பு வரும்போது அவளுக்கு உதவப் பழகிய உதவி நாயையும் சென்னைக்குக் கூட்டிப் போக வேண்டும். வந்தே பாரத்தில் இரண்டு சீட் போட்டுவிட்டேன். நாய்க்கு எங்கே டிக்கெட் எடுப்பது? (பாளையங்கோட்டை)*

முதலில் அந்த டிக்கெட்டை ரத்து செய்யுங்கள். நம்ம சென்னை வந்தே பாரத் முழுக்க சேர் கார், நாய்க்கு இடம் கிடையாது. இரண்டடுக்கு ஏசி, மூன்றடுக்கு ஏசி, ஸ்லீப்பர் எதிலும் ஏற்றக்கூடாது. ஏற்றிப் பிடிபட்டால் கட்டணம் ஆறு மடங்கு.

நாய் உங்கள் கூடவே வர முதல் வகுப்பு ஏசி ஒன்றுதான் வழி. அதிலும் கூபே என்கிற இரண்டு பெர்த் தனி அறை முழுக்க உங்கள் பெயரில் இருக்க வேண்டும். இரண்டு டிக்கெட் எடுத்ததாலேயே கூபே கிடைத்துவிடாது. யாருக்கு எது என்பது சார்ட் போடும்போதுதான் முடிவாகும். அதனால் காரணத்தை எழுதி, மருத்துவச் சான்றின் நகலோடு முன்கூட்டியே ரயில்வே வணிகப் பிரிவில் மனு கொடுங்கள். நாலு பெர்த் கேபினில் அடுத்தவரோடு விழுந்தால் அவர் சம்மதம் வேண்டும். நடுவழியில் அவர் மறுத்தால் நாய் கார்டு வேனுக்குப் போகும், கட்டிய பணம் திரும்பாது.

புறப்படும் நாளில் இரண்டு மணி நேரம் முன்னதாகவே பார்சல் ஆபீசில் நில்லுங்கள். டிக்கெட், தடுப்பூசி அட்டை, ஓரிரு நாளுக்குள் கால்நடை டாக்டர் கொடுத்த உடல்தகுதிச் சான்று மூன்றும் கையில் இருக்க வேண்டும். கடைசிச் சாப்பாடு நாலு மணி நேரம் முந்தி. ஸ்டேஷனுக்குள் நுழையும் முன் வெளியே மண்ணில் ஒரு முறை சிறுநீர் போகவிடுங்கள். கார்டு வேன் நாய்ப்பெட்டியை மட்டும் ஏற்காதீர்கள். ராத்திரி உங்கள் மகளுக்குப் படபடப்பு வந்தால், கடைசிப் பெட்டியில் அடைபட்ட நாயால் என்ன செய்ய முடியும்?

*டவுன் பஸ்ஸில் ஏற்றலாமா? (பேட்டை)*

ஏற்றியே ஆக வேண்டும் என்று நடத்துநரைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இல்லை. ஆட்டோவே நல்லது. தெரிந்த ஓட்டுநர் ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

*ஆன்லைனில் 2,500 ரூபாய் கட்டி உதவி நாய் அடையாள அட்டையும் சிவப்பு ஜாக்கெட்டும் வாங்கினேன். அப்படியும் ஹோட்டலில் விடவில்லை. யாரிடம் புகார் செய்வது? (வண்ணார்பேட்டை)*

ஹோட்டல்காரர் மேல் புகார் எழுதும் முன், அந்த அட்டையை விற்றவனிடம் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அது வெறும் பிளாஸ்டிக். உதவி நாய்க்கு அட்டை கொடுக்கும் அரசுப் பதிவேடு இந்தியாவில் இல்லை. இந்த வியாபாரம் தொடங்கிய அமெரிக்காவிலும் சட்டம் அட்டையைக் கேட்பதில்லை. அங்கே கடைக்காரர் கேட்கக்கூடியவை இரண்டே கேள்விகள்: ஊனம் காரணமாகத் தேவைப்படும் நாயா, அது என்ன வேலைக்குப் பழக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது கேள்விக்கு உங்கள் பதில் என்ன? நீங்கள் எனக்கு எழுதிய கடிதம் ஒன்றரைப் பக்கம் இருக்கிறது. நாய் செய்யும் வேலை ஒரு வரிகூட இல்லை. 'பக்கத்தில் இருந்தால் ஆறுதல்' என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள்.

ஆறுதல் தருவது ஆதரவு நாய். வேலை செய்வது உதவி நாய். நகத்தால் கையைக் கீறத் தொடங்கும்போது மூக்கால் முட்டித் தடுப்பது வேலை. கெட்ட கனவில் அலறும்போது தட்டி எழுப்புவது வேலை. கூட்டத்தில் உறைந்து நின்றவரை வாசல்வரை இழுத்துப் போவது வேலை. மாத்திரை நேரத்துக்கு வந்து நிற்பதும் வேலைதான். இவற்றில் ஒன்றிரண்டாவது திருத்தமாகப் படிந்து, அதற்கு மேல் வெளி இடங்களில் நடந்துகொள்ளும் பழக்கமும் சேர ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் ஆகும். குறைந்தபட்சப் பயிற்சியே ஆறு மாதத்தில் பரவி நூற்றிருபது மணி நேரம், அதில் முப்பது மணி நேரமாவது வெளி இடங்களில்.

ஜாக்கெட் மாட்டிய பழகாத நாய் ஒன்று மேசைக்கு அடியிலிருந்து ஒரு தடவை குரைத்தால் போதும். அடுத்த மாதம் அதே கடை வாசலில், நிஜமாகவே பழகிய நாயோடு, வீட்டை விட்டு இறங்கவே மூன்று வாரம் தைரியம் திரட்டி வந்த ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்புவார்கள். அந்தக் கதவை அடைத்தது ஹோட்டல்காரர் மட்டுமில்லை, அந்த 2,500 ரூபாயும்தான். கோபமாக எழுதுகிறேன் என்று நினைத்தால், ஆமாம், கோபம்தான்.

காகிதம் வேண்டுமானால் செல்லுபடியாகும் காகிதம் வாங்குங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 மனநோயையும் ஊனமாகக் கணக்கில் எடுக்கிறது. மனநல மருத்துவர் மதிப்பிட்டு 40 சதவீதமும் அதற்கு மேலும் என்று எழுதினால் அந்தச் சட்டத்தின் முக்கியமான சலுகைகள் கிடைக்கும். தேசிய அடையாள அட்டைக்கும் விண்ணப்பிக்கலாம். மதிப்பீடு ஹைகிரவுண்ட் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடங்களில். அந்த அட்டை உங்களுக்கு, நாய்க்கு அல்ல. ஆனால் நியாயமான வசதி செய்து தரச் சொல்லிக் கேட்கவும், மறுத்தால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு மனு எழுதவும் அதுதான் பிடிமானம். கூடவே, நாய் செய்யும் வேலையைக் குறிப்பிட்டு மருத்துவர் எழுதிய ஒரு பக்கக் கடிதமும் வைத்திருங்கள்.

*சிப்பிப்பாறைக் குட்டியைப் பழக்கலாமா? (சங்கரன்கோவில்)*

வயதும் எழுதவில்லை, யாருக்கு என்றும் எழுதவில்லை. பொதுவாகச் சொல்கிறேன். சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடுவதைத் துரத்தப் பிறந்தவை. ரோட்டில் ஒரு பூனை குறுக்கே போனால் கயிறு பிடித்தவர் விழுவார். ராஜபாளையம் காவல் நாய், வெளியாளை நெருங்கவிடாது. வெள்ளைக் குட்டிகளில் காது கேளாமையும் உண்டு. இனத்தைவிட குட்டியின் குணம் பெரிது. எவர்சில்வர் தட்டைக் கீழே போட்டுப் பாருங்கள். திடுக்கிட்டுவிட்டுத் திரும்ப வந்து முகர்ந்தால் நம்பலாம். கட்டிலுக்கு அடியில் போய் அரை மணி நேரம் வராவிட்டால் வீட்டு நாயாக வளருங்கள். லாப்ரடார் சுலபம், ஆனால் நம்மூர் வெயில் அதற்கு ஆகாது.

*புது பஸ் ஸ்டாண்டில் படபடப்பு வந்தால் நாயை எப்படிப் பயன்படுத்துவது? (மேலப்பாளையம்)*

சுவரோரம் உட்காருங்கள், முதுகு சுவரில் படட்டும். தொடையில் இரண்டு தட்டு. நாய் முன்னங்கால்களை மடிமேல் ஏற்றி, நெஞ்சைச் சாய்த்து, தலையை உங்கள் வயிற்றோடு வைக்க வேண்டும். இருபது கிலோ நாயின் பாதி எடை உங்கள் மேல் இறங்கும். அதன் மூச்சைப் பார்த்தே நீங்களும் மூச்சு விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். பிறகு 'இறங்கு' என்ற சொல், ஒரு துண்டுக் கோழி. நாக்கை நீட்டி வேகமாக இரைத்தால் அதற்கே சூடு தாளவில்லை என்று அர்த்தம், உடனே இறக்கிவிடுங்கள். இதை வீட்டில் நூறு தடவை செய்து பார்த்த பிறகுதான் பஸ் ஸ்டாண்ட்.

நடக்க வைக்கும் முன் தரையைத் தொட்டுப் பாருங்கள். புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாத தார் ரோட்டில் நாயின் பாதம் கொப்பளிக்கும். சித்திரை, வைகாசியில் காலை ஒன்பதுக்கு மேல், மாலை ஆறுக்கு முன் வெளியே இறக்காதீர்கள்.

*நெல்லையப்பர் ஆனித் தேருக்குக் கூட்டிப் போகலாமா?*

வேண்டாம். கூட்டம், வேட்டு, மேளம், சுடும் தரை.

*காரையாறு, மாஞ்சோலைக்கு? (அம்பாசமுத்திரம்)*

அது புலிகள் காப்பகம், நாய் கூடாது. நாயின் டிஸ்டெம்பர் நோய் சிறுத்தைக்கும் புலிக்கும் தொற்றும். உதவி நாய்க்கும் இதில் விலக்குக் கேட்காதீர்கள்.

*பரோட்டாக் கடையில் நாயை எங்கே உட்கார வைப்பது? (தென்காசி)*

அடுப்புக்கும் பரிமாறுபவர் நடக்கும் வழிக்கும் எதிர்ப்புற மூலையில், மேசைக்கு அடியில், வால் உள்ளே மடங்கியிருக்க. கூட்டம் இல்லாத மூன்று, நாலு மணிக்கு, முதலில் போனில் கேட்டுவிட்டுப் போங்கள். தரையில் கிடக்கும் கோழி எலும்பும் சிந்திய சால்னாவும்தான் ஆபத்து. வெந்த எலும்பு சிலாம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும், சால்னாவில் உள்ள வெங்காயம் இரத்தத்தைக் கெடுக்கும். மூக்குக்கு அரை அடியில் எலும்பு கிடந்தும் 'விடு' என்றால் விடுகிற நாய்தான் கடைக்குள் வரலாம். கயிறு நாலடி போதும். இழுத்தால் நீளுகிற கயிறு வேண்டவே வேண்டாம்.

*தெருநாய்கள் சூழ்ந்தால்? (களக்காடு)*

ஓடாதீர்கள், நாயைத் தூக்காதீர்கள். தூக்கினால் அவை உங்கள் மேல் பாயும். உங்கள் நாயைக் காலுக்குப் பின்னால் கொண்டுவந்து, குடையைப் படக்கென்று விரித்து முன்னால் பிடித்து, பக்கவாட்டில் மெல்ல நகருங்கள். உங்களுக்குக் கடி பட்டால் சோப்பும் ஓடும் தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி. நாய்க்குக் கடி பட்டாலும் ஊசிதான், வருஷ ஊசி போட்டிருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

*அடுக்குமாடிச் சங்கம் லிஃப்டில் நாய் கூடாது என்கிறது. (மகாராஜநகர்)*

இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின் நகலை எடுத்துச் சங்கத்திடம் கொடுங்கள். வளர்ப்பு நாயைத் தடை செய்யவோ லிஃப்டை மறுக்கவோ சங்கத்தால் முடியாது. கழிவை அள்ளுவது உங்கள் கடமை, அதில் சண்டை போடாதீர்கள்.

*மகன் அமெரிக்காவில். அடுத்த மாதம் நாயோடு போகிறேன். (வள்ளியூர்)*

அடுத்த மாதம் நடக்காது. வெறிநோய் அதிகமுள்ள நாடு என்று இந்தியாவை அவர்கள் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து விதி கடுமை. நாய்க்கு ஆறு மாதம் நிறைந்திருக்க வேண்டும். முதலில் மைக்ரோசிப், அதற்குப் பிறகே வெறிநோய் ஊசி. மாற்றிப் போட்டால் அந்த ஊசி கணக்கில் வராது. முதல் ஊசிக்கு 30 நாள் கழித்து எடுத்த இரத்தம் அவர்கள் ஏற்கும் ஆய்வகத்தில் எதிர்ப்புச் சக்திச் சோதனையில் தேற வேண்டும், எடுத்ததிலிருந்து 28 நாள் கழித்தே இறங்கலாம். அறிக்கை இல்லாமல் போனால் 28 நாள் தனிமை, செலவு உங்களுடையது. இங்கிருந்து கிளம்ப மத்திய அரசின் கால்நடைத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் சான்றும் வேண்டும். நாலு மாதம் கைவசம் வையுங்கள்.

விமானத்தில் ஆதரவு நாய் என்ற சலுகை அமெரிக்க விதியில் 2021-லேயே போய்விட்டது. பழகிய மனநல உதவி நாய்க்கு உண்டு. அதற்கான படிவத்தை 48 மணி நேரம் முன்பே கேட்பார்கள். எட்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு, அதுவரை அடக்கிக்கொள்ளும் அல்லது சுத்தமாகப் போகும் என்று இன்னொரு படிவமும் உண்டு. நிஜமாகவே அடக்குமா என்று வீட்டில் சோதித்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

*ஆஸ்பத்திரிக்குள்? (நாங்குநேரி)*

வெளிநோயாளிப் பிரிவில் டாக்டர் சம்மதித்தால் சரி. தீவிர சிகிச்சை, தீக்காயம், டயாலிசிஸ், ஆபரேஷன் தியேட்டர் பக்கம் போகவே கூடாது. வெளியே காத்திருக்க வைப்பதானால் நிழல், தண்ணீர், கூட ஒரு ஆள் மூன்றும் வேண்டும். அங்கேயும் தரையைத் தொட்டுப் பாருங்கள்.