எஞ்சின் சூடும் ஒயிலும்: கேட்டவர்களுக்குப் பதில்

வாழைச்சேனையிலிருந்து: அண்ணே, போட் எஞ்சினின் பின்னால் பீச்சுகிற தண்ணீர் நூல் மாதிரி வருகிறது. கடலுக்குப் போகலாமா?

வேண்டாம் தம்பி. அந்தத் தண்ணீர்தான் எஞ்சினின் நாடி. இதற்கு வானில் இருப்பது போலத் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டர் கிடையாது. தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் எஞ்சின் காலுக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர், அதாவது இதழ்ச் சக்கரம், கடல்நீரை மேலே ஏற்றும், அது சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே போகும்.

முதலில் எஞ்சினை நிறுத்தி, பீச்சும் துவாரத்தில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். உப்போ மணலோ அடைத்திருந்தால் அதோடு சரியாகிவிடும். அப்புறம் தண்ணீர் எடுக்கும் வாயில் பாசி, பொலித்தீன் இருக்கிறதா பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இம்பெல்லர்தான். அண்மையில் ஒன்றைக் கழற்றினேன். ஆறு இதழில் இரண்டைக் காணவில்லை, மிச்சம் நாலும் ஒரே பக்கம் வளைந்து விறைத்திருந்தன. காணாமல்போன துண்டுகளைத் தேடி எடுக்காமல் புதிதைப் பூட்டாதீர்கள். அவை மேலே ஏறி நீர்வழியை அடைத்துவிடும்.

கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். வாவியில் மட்டும் ஓடுகிறவர்களுக்கும் இதுதான், மட்டக்களப்பு வாவியும் உவர்தானே. தண்ணீர் கொடுக்காமல் கரையில் ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும் பழக்கத்தை விடுங்கள், ரப்பர் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும்.

அக்கரைப்பற்றிலிருந்து: உழவு மெசினின் ஒயில் பால் தேத்தண்ணி நிறமாகிவிட்டது. ஒயில் மாற்றினால் போதுமா?

போதாது. ஒயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது, இனி ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம். சுழலும் கிராங்க் தண்டையும் அதைத் தாங்கும் பேரிங்கையும் பிரித்து வைப்பது மயிரிழையை விட மெல்லிய ஒயில் படலம். தண்ணீர் கலந்தால் அது அறுந்து, இரும்பும் இரும்பும் உரசும். எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் தகடு, ஹெட்டில் வெடிப்பு, பிஸ்டன் ஓடும் குழாயான லைனரின் அடி ரப்பர் வளையம், தண்ணீர் புகக்கூடிய இந்த மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். வேளாண்மை வெட்டு நேரம் என்று இரண்டு நாள் ஓட்டினால், கேஸ்கட்டோடு முடியும் செலவு கிராங்க் வரை போகும்.

களுவாஞ்சிகுடியிலிருந்து: வான் எஞ்சின் சூடேறினால் உடனே ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் ஊற்றலாமா அண்ணா?

கூடவே கூடாது தங்கச்சி. மூடி அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே 100 பாகை தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் இருக்கும். திறந்த கணமே கொதித்து முகத்துக்குப் பாயும். வேலை பழகிய காலத்தில் நான் அப்படித் திறந்தவன், இடது முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. எஞ்சினை நிறுத்தி, மூடியைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறவிடுங்கள். கடற்கரைப் பக்கத்துக் கிணற்று நீரை ஊற்றாதீர்கள், உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். ரேடியேட்டருக்கென்றே விற்கும் கூலன்ட் திரவம்தான் நல்லது.

கல்முனையிலிருந்து: ஒயில் லைட் எரிந்தால் வீடு வரை ஓட்டலாமா?

அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். குச்சியை இழுத்து ஒயில் மட்டம் பாருங்கள். மட்டம் சரியாக இருந்தும் லைட் அணையாவிட்டால் கட்டி இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும்.