மகள் என்று கூப்பிட்டுக்கொண்டே எல்லை மீறினால்?

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் தாதியாக இருக்கிறேன். கணவர் கப்பல் பட்டறையில் மேற்பார்வையாளர். உட்லண்ட்சில் வாடகை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் குடியிருக்கிறோம். எனக்குப் பிடித்துச் செய்கிற வேலை இது. இரத்தமோ மலமோ வாந்தியோ எதற்கும் நான் முகம் சுளித்தவள் இல்லை. இப்போது என்னைத் தடுமாற வைத்திருப்பது வேறு விஷயம்.

எங்கள் வார்டில் பிலிப்பீன்ஸ், மியன்மார், மலேசியா, சீனா என்று பல ஊர்த் தாதியர் இருக்கிறோம். தமிழ் பேசும் நோயாளி யார் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். மருத்துவர் சொல்வதை எடுத்துச் சொல்ல, சாப்பிட மறுப்பவரைச் சமாதானம் செய்ய, வீட்டாருக்கு விவரம் சொல்ல எல்லாவற்றுக்கும் நான். இதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

சில வாரங்களுக்கு முன் கட்டுமானத் தளத்தில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஓர் இளைஞரைச் சேர்த்தார்கள். புதுக்கோட்டைக்காரர். வந்த நாள் முதல் "அக்கா, அக்கா" என்று நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை நான் உடம்பு துடைத்துவிடும்போது அவருக்கு விறைப்பு ஏற்பட்டுவிட்டது. நான் கவனிக்காததுபோல் வேகமாக முடித்துவிட்டு வெளியே வந்தேன். அன்றிலிருந்து அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் வைக்கும் சாப்பாட்டைத் தொடுவதில்லை. வலி என்றால்கூட பிலிப்பீன்ஸ் தாதியிடம் தெரிந்த நான்கு ஆங்கிலச் சொற்களை வைத்துத்தான் சொல்கிறார்.

இன்னொருவர் எழுபது வயதைத் தாண்டிய உள்ளூர்த் தமிழர். முழங்கால் அறுவை சிகிச்சைக்கு வந்தவர். முதலில், இங்கே தாதியரைக் கூப்பிடுவதுபோல், "மிஸ்ஸி" என்றார், பிறகு "நீ என் மகள் மாதிரி" என்றார். நானும் அப்பா என்றே கூப்பிட்டேன். எழுந்து நிற்க உதவும்போது தோளில் இருந்த கை இடுப்புக்கு வர ஆரம்பித்தது. இரவு ஷிப்டில் "வீட்டுக்காரர் தனியாகத் தூங்குவாரா?" என்று கேட்கிறார். பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுவேன். அவருடைய மகள் வரும் நேரத்திலும் மருத்துவர் சுற்று வரும்போதும் அவரைப்போல் மரியாதையான மனிதர் கிடையாது. மூத்த தாதியிடம் இலேசாகச் சொன்னேன். "உங்கள் ஆள்தானே, நீயே பக்குவமாகப் பேசிப் பார்" என்றார்.

கணவரிடம் சொன்னால் வேலையை விடு என்பார். யாருக்கும் சங்கடம் வராமல், யார் மனமும் நோகாமல் இந்த இரண்டையும் எப்படிக் கையாள்வது? வேலைக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலிலேயே வயிறு கலங்குகிறது.

- பெயர் வெளியிட விரும்பாத தாதி

அன்புத் தங்கைக்கு,

இரண்டு பேரைப் பற்றி ஒரே மூச்சில் எழுதி, இருவருக்கும் ஒரே தீர்வு கேட்டிருக்கிறீர்கள். முதலில் இவர்களைப் பிரித்துவிடுவோம். அந்த இளைஞருக்கு நடந்தது சங்கடம். முதியவர் செய்வது சங்கடத்தில் சேராது.

இளைஞரிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கே நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. தொடுதலாலும் வெந்நீரின் சூட்டாலும் சிறுநீர்ப்பை நிறைந்திருப்பதாலும்கூட விறைப்பு வரும். முதுகுத் தண்டின் கீழ்ப்பகுதி நரம்புகளே முடித்துவிடும் அனிச்சைச் செயல் இது. மனத்தில் ஆசை இருந்தால்தான் நடக்கும் என்பதில்லை. முதுகுத் தண்டில் அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லாதவர்களில் பலருக்கும் இது நடக்கிறது. நீங்கள் இதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் படித்திருக்க மாட்டார். அவர் கணக்கில், அக்கா என்று கூப்பிட்ட பெண்ணிடம் தன் உடம்பு தன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டது.

பிலிப்பீன்ஸ் தாதியிடம் மட்டும் ஏன் பேசுகிறார் என்று யோசித்தீர்களா? அந்தப் பெண்ணுக்குப் புதுக்கோட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாது. உங்களுக்குத் தெரியும். அவருடைய அம்மா எப்படிப் பேசுவார், ஊரில் இதை எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பது வரை உங்களுக்குத் தெரியும் என்று அவர் நினைக்கிறார். தமிழ் பேசும் தாதி கிடைத்தது முதல் நாள் அவருக்கு ஆறுதல். அன்று காலைக்குப் பிறகு அதுவே அவருடைய கூச்சத்தைப் பல மடங்காக்கிவிட்டது. உங்கள்மேல் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கவனிக்காததுபோல் முடித்தது தவறில்லை. பெரும்பாலான தாதியர் அதைத்தான் செய்வார்கள். ஆனால் மௌனத்தை நோயாளி தன் பயத்துக்கு ஏற்ப அர்த்தப்படுத்திக்கொள்வார். அவசரமாகப் போனதை "அருவருத்துப் போய்விட்டாள்" என்று அவர் படித்திருக்கலாம். அடுத்த முறை யாருக்கு நடந்தாலும் துண்டால் மூடிவிட்டு, வழக்கமான குரலில் "உடம்பு தானாகச் செய்வது, பலருக்கும் நடக்கும். கொஞ்ச நேரம் கழித்து வந்து முடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, கை காலைத் துடைக்கப் போங்கள், அல்லது திரையை மூடிவிட்டு வெளியே வாருங்கள். சிரிப்பும் கேலியும் வேண்டாம். பக்கத்துப் படுக்கைக்குக் கேட்கும்படி ஒரு சொல்லும் வேண்டாம். அந்தத் திரைச்சீலை பார்வையைத்தான் மறைக்கும், காதை மறைக்காது.

இப்போது அவரிடம் என்ன பேசுவது? நடந்ததைப் பற்றி உட்காரவைத்து ஓர் உரையாடல் நடத்த வேண்டாம், பாவம், ஓடிப் போகவும் முடியாத நிலையில் இருக்கிறார். உடம்பு வெப்பநிலையைப் பார்க்கும் சாக்கில் போங்கள். துணி விலக்க வேண்டாத வேலையாக இருக்கட்டும். "இடுப்பு வலி எப்படி இருக்கிறது தம்பி? இரவு தூங்கினீர்களா?" என்று கேளுங்கள். போகும்போது, குரலைத் தாழ்த்தி, "அன்றைக்கு நடந்தது ஒன்றுமே இல்லை. இந்த வார்டில் நான் தினமும் பார்ப்பது. குளிப்பாட்ட ஆண் தாதி வேண்டும் என்றால் சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறேன்" என்று ஒரு முறை மட்டும் சொல்லுங்கள். பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். அவர் ஆண் தாதி வேண்டும் என்றால் ஏமாற்றம் அடையாதீர்கள். தொழிலாளர் விடுதி அறையில் பலரோடு சேர்ந்து தூங்கி எழுகிற மனிதருக்கு, தன் உடம்பை யார் பார்க்கலாம் என்று தானே முடிவு செய்வது எப்போதாவதுதான் வாய்க்கும்.

ஆனால் வலியைத் தெரிந்த நான்கு சொற்களில் சொல்கிறார் என்று எழுதியிருப்பதை விட்டுவிடாதீர்கள். எங்கே வலிக்கிறது, குத்துகிறதா எரிகிறதா, கால் மரத்துப் போகிறதா என்பதெல்லாம் இடுப்பெலும்பு முறிவில் முக்கியம். அவருக்கு உங்களிடம் பேசப் பிடிக்காவிட்டால் வேறு தமிழ் பேசுபவர் மூலமாவது மருத்துவர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும்படி செய்யுங்கள்.

இனி அந்தப் பெரியவர்.

வயதானவர் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தகாத முறையில் நடந்தால் முதலில் மூளைக் குழப்பமா என்று பார்க்க வேண்டும். மயக்க மருந்து, வலி மருந்து, கிருமித் தொற்று, தூக்கமின்மை ஆகியவற்றால் திடீரென்று குழப்பம் வரும். ஒரு மணி நேரம் தெளிவாக இருப்பார், அடுத்த மணி நேரம் தான் எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. மாலையிலும் இரவிலும் கூடும். மறதி நோய் சிலவற்றில் கூச்சம் என்கிற கடிவாளமே அறுந்துபோகும். குழப்பத்தில் இருக்கும் நேரத்தில் அப்படிப்பட்டவர் மருத்துவர் முன்னும் மகள் முன்னும் பெரும்பாலும் அதேபோலத்தான் நடப்பார். அவருக்கு ஆள் பார்த்து மாறத் தெரியாது.

உங்கள் கடிதத்தில் உள்ளவருக்குத் தெரிகிறது. மகள் வந்தால் கை தன் இடத்துக்குப் போய்விடுகிறது. எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவருக்கு, என்ன செய்கிறோம் என்பதும் தெரியும். இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லி, குழப்பம் இல்லை என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நீங்கள் இரவில் பார்ப்பதை மருத்துவர் பகலில் பார்க்கவில்லை. குழப்பம் என்றே தெரியவந்தாலும் நீங்கள் பொறுத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று யாரும் சொல்ல முடியாது. அப்போது சிகிச்சை மாறும், இரண்டு பேராகப் போவீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அவரிடம் பேச வேண்டியது சிறிது. கை இடுப்புக்கு வந்தால், அவர் விழுந்துவிடாதபடி படுக்கையிலோ நாற்காலியிலோ உட்காரவைத்துவிட்டு, ஓரடி பின்னால் நின்று, "ஐயா, இப்படித் தொடக் கூடாது. இன்னொரு முறை செய்தால் நான் தனியாக வர மாட்டேன்" என்று சொல்லுங்கள். ஐயா என்றே சொல்லுங்கள், இனி அப்பா வேண்டாம். சிரிக்காதீர்கள். நம் பெண்களுக்குச் சங்கடம் வந்தால் முகம் தானாகச் சிரித்துவிடும். அதை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வசதியாகப் போகும். கணவர் தூக்கத்தைப் பற்றிய கேள்விக்கு, "அந்தக் கேள்வி வேண்டாம் ஐயா. கால் வலி எப்படி இருக்கிறது?" போதும். "நான் மகள் மாதிரி என்றுதானே..." என்று அவர் இழுப்பார். விளக்கம் சொல்ல நிற்காதீர்கள். அவர் மனம் நோகும்தான். நோகட்டும். நோகாமல் சொல்ல நினைத்துத்தான் இதுவரை சொல்லாமலே இருந்திருக்கிறீர்கள்.

"உங்கள் ஆள்தானே" என்ற மூத்த தாதியின் பேச்சு எனக்கு எரிச்சலூட்டியது. தமிழ் தெரிந்ததற்காக மொழிபெயர்க்கலாம். தமிழ் நோயாளியின் கையைப் பொறுத்துக்கொள்வது அந்தப் பணியில் சேராது. இலேசாகச் சொன்னேன் என்கிறீர்கள், இலேசாகச் சொன்னதை இலேசாகத்தான் கேட்பார்கள். வார்டின் தாதி மேலாளரிடம் நேரடியாகப் போங்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த வேலையின்போது, என்ன வார்த்தை சொன்னார், கை எங்கே பட்டது என்று எழுதிக் கொடுங்கள். அவர் தமிழில் சொன்னதை அப்படியே எழுதி, கீழே ஆங்கிலத்தில் பொருளைக் கொடுங்கள். "தகாத முறையில் நடந்தார்" என்று மட்டும் எழுதினால் அதில் ஒன்றும் இருக்காது. இனி அவருக்கு இரண்டு தாதியர் சேர்ந்தே போக வேண்டும், இரவில் ஆண் தாதி பொறுப்பேற்க வேண்டும் என்று கேளுங்கள்.

கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. 2023 டிசம்பரில் சுகாதார அமைச்சு, தொழிற்சங்கம், சுகாதார நிறுவனங்கள் இடம்பெற்ற முத்தரப்புக் குழு, சுகாதார ஊழியர்களைத் துன்புறுத்துவதை அறவே பொறுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு கட்டமைப்பை அறிவித்தது. தொந்தரவுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம் 2014 முதல் இருக்கிறது. மானபங்கம் செய்தால் தண்டனைச் சட்டத்தின் 354ஆவது பிரிவின்கீழ் மூன்று ஆண்டுவரை சிறை, அபராதம், பிரம்படி விதிக்க முடியும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் பிரம்படி மட்டும் கிடையாது. நாளைக்கே போலிசுக்குப் போங்கள் என்று நான் சொல்லவில்லை, அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் "சின்ன விஷயம், பெரிதாக்காதே" என்று யாராவது சொன்னால், சட்டம் இதைச் சின்ன விஷயமாக வைக்கவில்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அவருடைய மகளிடம் போய்ச் சொல்லும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அந்தப் பேச்சு எப்படித் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. குடும்பத்திடம் பேச வேண்டிய நிலை வந்தால் மேலாளர் பேசட்டும்.

எம்ஆர்டியில் வயிறு கலங்குவது, நீங்கள் பலவீனமானவர் என்பதால் அல்ல. அடுத்த எட்டு மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று தெரியாமல் போகும் எவருக்கும் கலங்கும். இரண்டு பேராகப் போகும் ஏற்பாடு வந்த பிறகும் குறையவில்லை, தூக்கம் கெடுகிறது, மற்ற நோயாளிகளைத் தொடவும் தயக்கம் வருகிறது என்றால் உங்கள் மருத்துவமனையின் ஊழியர் ஆலோசகரைப் பாருங்கள்.

கணவரிடம் சொல்ல வேண்டியது கட்டாயமில்லை. சொல்வதாக இருந்தால், மேலாளரிடம் எழுதிக் கொடுத்த பிறகு சொல்லுங்கள். "இப்படி ஒன்று நடந்தது, புகார் கொடுத்திருக்கிறேன். என்ன செய்ய வேண்டும் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், கேட்டுக்கொண்டால் போதும்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்படியும் வேலையை விடு என்றால், கப்பல் பட்டறையில் யாராவது அவரிடம் தகாத முறையில் நடந்தால் அவர் வேலையை விடுவாரா என்று கேளுங்கள்.