திருட்டு யார் வீட்டைத் தேடி வருகிறது, ஏன்? – கேள்வி பதில்

கொங்கு வட்டாரத்து வாசகர்கள் கேட்டவற்றுக்கு, குற்றப் புள்ளிவிவரங்களை ஆராயும் ஒருவர் தந்த பதில்கள்.

கேள்வி (சென்னிமலை): ஏனுங்க, எங்க வீதியில ஒரே வீட்டுலதான் திரும்பத் திரும்பத் திருட்டுப் போகுது. பக்கத்து வீட்டை எவனும் தொடறதில்லை. விதிங்களா?

பதில்: விதி இல்லீங்க. திருட நினைக்கிறவன், தோதான பொருள், பார்த்துக்கொள்ள ஆளில்லாத நேரம் மூன்றும் ஒரே இடத்தில் கூட வேண்டும். 1979-ல் கோஹன், ஃபெல்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் எழுதியது இது. பின்பக்கச் சந்தும், நெகிழ்ந்த தாழ்ப்பாளும், பகலெல்லாம் ஆளில்லாமையும் ஒரே வீட்டில் இருந்தால் யார் வந்தாலும் அதுதான் கண்ணில் படும். இன்னொரு காரணமும் உண்டு. முதல் தடவை வந்தவனுக்கு பீரோ எந்த அறையில், எந்த ஜன்னல் திறக்கும், எதை விட்டுவிட்டுப் போனோம் என்பதெல்லாம் தெரிந்துவிடுகிறது. அதனால் அடுத்த சில வாரங்கள் அந்த வீட்டுக்கும் அக்கம்பக்கத்துக்கும் ஆபத்து கூடுதல். அந்தச் சமயத்தில்தான் நம்மவர்கள் உடைந்த தாழ்ப்பாளைக் கம்பியால் கட்டிவிட்டு ஆசாரிக்காக ஒரு மாசம் காத்திருப்பார்கள். கைரேகை எடுத்து முடித்த அன்றைக்கே மாற்றிவிடுங்க. சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டில் சொல்லி, ஒரு கண் வைக்கச் சொல்லுங்க. இங்கிலாந்தில் கிர்க்ஹோல்ட் குடியிருப்பில் 1980-களில் இப்படிச் செய்தார்கள். காசு போட்டால் மின்சாரமோ எரிவாயுவோ தரும் வீட்டு மீட்டர்களில் சேரும் காசு திருடனுக்குக் குறி என்பதால், அவற்றையும் கழற்றினார்கள். மூன்று வருசத்தில் வீட்டுத் திருட்டு நாலில் மூன்று பங்கு குறைந்தது.

கேள்வி (வெள்ளகோவில்): அப்பாவும் அம்மாவும் தோட்டத்துச் சாளையில தனியா இருக்காங்க. டவுனுக்குக் கூப்பிட்டா, மாட்டை யாரு பார்க்கறதுங்கறாங்க. 2024-ல சேமலைகவுண்டன்பாளையத்துலயும், 2025-ல சிவகிரி பக்கமும் தோட்டத்து வீட்டுல பெரியவங்களைக் கொன்னதைக் கேட்டதுல இருந்து தூக்கமே இல்லை. கேமரா மாட்டினாப் போதுங்களா?

பதில்: போதாதுங்க. பொதுக் கணக்கில் அடிதடியில் பாதிக்கப்படுவது இளவட்டங்கள்தான், வயசானவர்கள் குறைவு. ஆனால் அந்தச் சராசரி உங்கள் சாளைக்குப் பொருந்தாது. முன்பு கூட்டுக் குடும்பமும் பண்ணையாட்களும் இருந்த தோட்டத்தில் இன்றைக்கு இரண்டே பேர். பக்கத்துச் சாளை கூப்பிட்டால் கேட்காத தூரம். ஆள் குறைந்துவிட்டது, நகை அங்கேயேதான் இருக்கிறது.

முதல் வேலை நகையை வங்கி லாக்கருக்கு மாற்றுவது. மாற்றியது நாலு பேருக்குத் தெரியட்டும். அடுத்தது, ராத்திரி சத்தம் கேட்டதும் கதவைத் திறக்கும் பழக்கத்தை நிறுத்துவது. நாய் குரைத்தாலும், மாடு கத்தினாலும், மோட்டார் நின்றாலும் பெரியவர் டார்ச்சோடு வெளியே வருவார் என்பது நோட்டம் பார்த்தவனுக்குத் தெரியும். வாசல், கட்டுத்தறி விளக்குகளின் சுவிட்ச் உள்ளே இருக்கணும். முதலில் விளக்கு, பிறகு போன், கதவு கடைசி. வளர்த்த நாய் திடீரென்று செத்தாலோ காணாமல் போனாலோ அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல் அன்றைக்கே ஸ்டேஷனில் சொல்லிவிடுங்க.

கேமரா பெரும்பாலும் பிற்பாடு பிடிக்கத்தான் உதவும். பதிவுப் பெட்டியை டிவிக்குப் பக்கத்தில் வைத்தால் வந்தவன் அதையும் கழற்றிக்கொண்டு போவான். மறைவான இடத்தில் வைத்து, இன்வெர்ட்டரில் இணைத்து, பதிவு உங்கள் போனுக்கும் வரும்படி செய்யுங்க. ஒரு கேமரா இட்டேரி (தோட்டத்துக்கு வரும் வண்டித்தடம்) முனையில், வண்டி நம்பர் தெரியும் உயரத்தில் இருக்கட்டும். காலையும் இரவும் குறித்த நேரத்தில் போன் பண்ணுங்க. எடுக்காவிட்டால் யார் நேரில் போய்ப் பார்ப்பது என்பதை இப்போதே பேசி வையுங்க. இந்த ஏற்பாடு இல்லாத வீடுகளில்தான் விஷயம் வெளியே தெரியவே நாள்கணக்கில் ஆகிறது. ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ரோந்துப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்க.

கேள்வி (கோவை): வாடகைக்கு வீடு பார்க்கிறோம். காந்திபுரம் வேண்டாம், குற்றம் அதிகம் என்கிறார்கள்.

பதில்: பஸ் ஸ்டாண்டில் நடக்கும் பிக்பாக்கெட்டை அங்கே குடியிருப்பவர்களின் தலையில் வகுத்தால் எண் பெரிதாகத்தான் வரும். தினமும் வந்துபோகும் கூட்டத்தால் வகுக்க வேண்டும். தவிர, ஏரியா முழுக்க ஒரே மாதிரி இருக்காது. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில், போலீசுக்கு வந்த அழைப்புகளில் பாதி வெறும் 3 சதவீத முகவரிகளிலிருந்து வந்தவை என்று 1989-ல் கண்டார்கள். வீதியைப் பாருங்க. வேலை நாளில் காலை 11 மணிக்கும் இரவு 9 மணிக்கும் நடந்து போங்க. “யாருங்க, யாரைப் பார்க்கணும்?” என்று ஒருவராவது கேட்டால் நல்ல வீதி. சிகாகோ பற்றி 1997-ல் வெளிவந்த ஆய்வும் இதைத்தான் சொன்னது: ஒரே அளவு வறுமை இருந்தாலும், ஒருவரையொருவர் நம்பித் தட்டிக்கேட்கும் தெருக்களில் வன்முறை குறைவு. காலி மனையை ஒட்டிய கடைசி வீடு, எல்லோரும் வேலைக்குப் போய்விடும் புது லே-அவுட் இரண்டும் எனக்கு யோசனைதான்.

கேள்வி (திருப்பூர்): வடநாட்டுப் பசங்க வந்துதான் திருட்டு கூடிப்போச்சுங்கறாங்களே?

பதில்: அவர்கள் பறிகொடுப்பதை யாரும் பேசுவதில்லைங்க. சனிக்கிழமை சம்பளம் கையில் காசாக, ஒற்றைத் தாழ்ப்பாள் போட்ட லைன் வீடு, ராத்திரி ஷிப்ட் முடிந்து நடந்து வருவது. பாஷை தெரியாததால் புகாரும் வராது. பறிக்கிறவனுக்கு இதைவிடத் தோதான ஆள் ஏது? புகார் இல்லாததால் கணக்கிலும் வராது. கம்பெனிக்காரர்கள் சம்பளத்தை வங்கியில் போட்டாலே பாதி சரியாகும். புகார் கொடுத்தால் சிஎஸ்ஆர் ரசீது (புகாரை ஸ்டேஷன் பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி) கேட்டு வாங்கச் சொல்லிக்கொடுங்க. எந்த ஸ்டேஷன் எல்லை என்று தெரியாவிட்டாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம்.

கேள்வி (பொள்ளாச்சி): வாக்கிங் போறப்ப செயினைச் சேலைக்குள்ள விட்டுக்கிட்டாப் போதுங்களா அண்ணா?

பதில்: நல்லதுதான் அம்மிணி, ஆனால் வண்டி பின்னாலிருந்துதான் வரும். ரோட்டின் வலப்பக்கமாக, எதிரில் வண்டி தெரியும்படி நடங்க. பிடித்து இழுத்தால் மல்லுக்கட்டாதீங்க, கழுத்து அறுபடும்.

கேள்வி (ஈரோடு): எங்க ஊர்ல கதவைத் திறந்து போட்டுப் போனாலும் ஒண்ணும் காணாமப் போகாதுங்க. ஆனா ஈமு கோழி வளர்க்கிற திட்டத்துல பணம் போட்டு ஊரே ஏமாந்துச்சு. எப்படி?

பதில்: திருடனைத் தடுத்த அதே நெருக்கம்தான் இதில் கவிழ்த்தது. மாமன் போட்டார், மச்சானுக்கு மாசாமாசம் பணம் வந்தது, பிறகு யார் கணக்குக் கேட்பது? 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு, அதற்கு முன்பே திருப்பூரில் பாசி என்ற நிதி நிறுவனம். முதலில் சேர்ந்தவருக்குப் பின்னால் சேர்ந்தவர் காசு போகும் வரை எல்லாம் ஒழுங்காகத் தெரியும்.

இப்போதைய ஆன்லைன் மோசடியில் குறி வேறு: கணக்கில் ஓய்வூதியப் பணம் இருந்து, பக்கத்தில் பேச ஆள் இல்லாதவர். படித்தவர் என்பது காப்பாற்றாது. போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் மிரட்டும் “டிஜிட்டல் கைது” என்று சட்டத்தில் எதுவும் இல்லை, போனை வைத்துவிடலாம். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்க. தொகை, நேரம், யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் மூன்றும் கையில் இருக்கட்டும். அந்தப் பணத்தை அடுத்த கணக்குக்கு மாற்றுவதற்குள் முடக்க வேண்டும். சொந்தக்காரர்களுக்குச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளுங்க.