கொரோனா காலத்து மன அழுத்தம் இன்னும் உடம்பில் தங்கியிருக்குமா?

"அம்மாவுக்கு ஈசிஜி, எக்கோ எல்லாம் சரியாக இருக்கின்றன. ஆனாலும் ஊரடங்கில் தொடங்கிய படபடப்பு நிற்கவில்லை. இது வெறும் பிரமையா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிரமை இல்லை. அப்படிச் சொல்லி அம்மாவின் வாயை அடைக்க யாரையும் விடாதீர்கள்.

நான் காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவன். வருமானமில்லாத நாட்கள் எங்களுக்குப் புதிதல்ல. வழக்கமாக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. வலையைச் சரிசெய்வோம், படகுக்கு வண்ணம் அடிப்போம், கடன் வாங்கிச் சமாளிப்போம். கவலை இல்லாமல் இல்லை. ஆனால் தடைக்காலம் முடிகிற தேதி தெரியும் என்பதால் இரவில் தூக்கம் வரும். 2020இல் அந்தத் தேதிதான் இல்லாமல் போனது. மார்ச் 25இல் தொடங்கிய ஊரடங்கு ஏப்ரல் 14 வரை என்றார்கள். பிறகு மே 3, மே 17, மே 31 என்று தள்ளிக்கொண்டே போனார்கள். ஜூன் 19 முதல் சென்னைக்கு மறுபடியும் முழு ஊரடங்கு. அந்த மே மாதக் கடைசியில் நகரிலேயே அதிகத் தொற்று வடசென்னையின் ராயபுரம் மண்டலத்தில்தான். தெருமுனைகளைத் தகரம் வைத்து அடைத்தார்கள். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் படுக்கும் வீடுகளுக்கும் 'தனி அறையில் இருங்கள்' என்பதே அறிவுரை. எந்த அறையில் இருப்பது?

முடிவு தெரியாத பயத்தை உடம்பு ஆபத்தாகவே எடுத்துக்கொள்கிறது. சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்களைச் சுரக்கின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, செரிமானம் மந்தமாகிறது, சர்க்கரை ஏறுகிறது. சில நிமிட ஆபத்துக்கு இந்த ஏற்பாடு உயிர்காக்கும். மாதக்கணக்கில் நீண்டால் தூக்கம் கெடும், கழுத்தும் தோளும் இறுகும், வயிறு எரியும், ரத்த அழுத்தம் கூடும், மறதியும் எரிச்சலும் வரும். பயம் ஓய்ந்த பிறகும் சிலருக்கு உடம்பு அந்த விழிப்பிலேயே நின்றுவிடுகிறது. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டாலே நெஞ்சு அடித்துக்கொள்வது அதனால்தான்.

என் அக்காவுக்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, வீட்டில் எல்லோரும் தேறிய பிறகு. கடும் அதிர்ச்சிக்கு இரண்டு மூன்று மாதம் கழித்து முடி உதிர்வது இயல்பு, பெரும்பாலும் திரும்ப வளரும் என்று மருத்துவர் விளக்கிய பிறகே அவள் அழுகை நின்றது.

எல்லாவற்றையும் மன அழுத்தத்தின் தலையில் கட்டிவிடவும் வேண்டாம். தைராய்டு, ரத்தசோகை இரண்டும் படபடப்பைத் தரும், அவற்றையும் பார்த்துவிடுங்கள். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், யோசிக்காமல் 108ஐ அழையுங்கள்.

தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனைகளும் சரியென்றால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. அம்மா வர மறுத்தால், 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம். முதலில் நீங்கள் பேசிவிட்டு, பிறகு அவரிடம் கொடுங்கள்.