'மாமா' என்ற சொல் மொழிக்கு மொழி ஏன் வேறு உறவைக் குறிக்கிறது?

தமிழிலும் இந்தியிலும் 'மாமா' தாயின் உடன்பிறந்தவர். அதே ஒலி சீனத்திலும் சுவாகிலியிலும் தாயைக் குறிக்கிறது. ஜார்ஜிய மொழியிலோ தந்தையே 'மாமா', தாய் 'தெதா'.

இதற்கு முதற்காரணம் குழந்தையின் வாய். இதழ்களை மூடித் திறந்தாலே 'மா' பிறந்துவிடுவதால், பல் முளைக்காத குழந்தைக்கும் அது எளிது. பால் குடிக்கும்போது வாய் அடைபட்டிருக்க, மூக்கு வழியே வரும் முனகலே இவ்வொலியின் தொடக்கம் என்று மொழியியலாளர் ரோமன் யாக்கப்சன் 1960-இல் வெளியான கட்டுரையில் விளக்கினார். பல மொழிகளிலிருந்து திரட்டப்பட்ட 1,072 பெற்றோர்ப் பெயர்களில், தாயைக் குறிப்பவற்றுள் பாதிக்கு மேல் மூக்கொலி கொண்டவை என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

ஒலியைத் தருவது குழந்தை. அதற்குப் பொருள் தருபவர்கள் பெரியவர்கள். காகம் கரைவது எங்கும் ஒன்றுதான், அதைக் கேட்டு 'விருந்து வரப்போகிறது' என்று சொல்வது நம் வீட்டு வழக்கம் அல்லவா? மழலையும் அப்படித்தான். தொட்டிலருகே குனிந்து நிற்பவர் தம்மையே அழைப்பதாக எண்ணி மகிழ, அந்தப் பொருளே அம்மொழியில் நிலைத்துவிடுகிறது.

எல்லா 'மம'வும் மழலையில் பிறந்தவை அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சமஸ்கிருதத்தில் குறிலாக ஒலிக்கும் 'மம' என்றால் 'என்னுடைய'. சிங்களத்தில் 'மம' என்றால் 'நான்'. இவை தன்மைப் பெயர்கள், இவற்றின் வேர் வேறு.

இவ்வொலி ஒற்றுமையைக் கண்டு உலக மொழிகள் அனைத்தும் ஒரே தாய்மொழியிலிருந்து கிளைத்தவை என்று சிலர் முடிவுகட்டுவது தவறு, ஏனெனில் ஒவ்வொரு தலைமுறைக் குழந்தையும் இவ்வொலியைத் தானே புதிதாக உண்டாக்கிக்கொள்கிறது.