எட்டு மரம் இருக்கிற இடமா, எண்பது மரம் இருக்கிற இடமா?

கடலூர் மாவட்டத்தில் கேப்பர் மலைச் செம்மண் மேட்டிலும் கெடிலக்கரைக் கோயில்காடுகளிலும் பிச்சாவரத்துச் சேற்றிலும் செடி எண்ணியே என் பாதி ஆயுள் போயிற்று. போன மாதம் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னேன்: “அதிகம் காணக் கிடைக்காத செடி இருக்கிற எல்லா இடத்தையும் அரசு வேலி போட்டு அடைக்காது, அடைக்கவும் முடியாது. எதை விடக்கூடாது என்று தேர்ந்தெடுக்கத் தெரியணும்.” அதற்கு முப்பது கேள்விக்கு மேல் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்ததைச் சேர்த்துவிட்டேன். திட்டியவர்களில் ஒருவரை மட்டும் வைத்துக்கொண்டேன், அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: சார், அரிய செடின்னா அது இருக்கிற எல்லா இடத்தையும் காப்பாத்த வேண்டியதுதானே? இதுல தேர்ந்தெடுக்க என்ன இருக்கு?

மிக அரிது என்றால் நீ சொல்வதுதான் சரிம்மா. மொத்தமே மூன்று இடத்தில் இருக்கிறது என்றால் பேச்சே இல்லை, மூன்றையும் காக்க வேண்டும். சிக்கல் அடுத்த படியில்தான் வருகிறது. ஐம்பது அறுபது இடத்தில் இருக்கிறது, ஆனால் எங்கும் நிறைய இல்லை. இதை அரிது என்றும் சொல்ல முடியாது, சாதாரணம் என்றும் விட முடியாது.

இந்த இரண்டையும் எழுத்தில் பிரித்து வைத்த நல்ல உதாரணம் அமெரிக்காவில் இருக்கிறது. பழைய காடுகளில் வாழும் புள்ளி ஆந்தையைக் காக்கச் சொல்லி நடந்த வழக்குகளுக்குப் பிறகு, வாஷிங்டன், ஓரிகான், வடக்குக் கலிபோர்னியாவில் உள்ள மத்திய அரசுக் காடுகளுக்கு 1994-இல் ஒரு பெருந்திட்டம் போட்டார்கள். பரப்பு 2 கோடியே 40 லட்சம் ஏக்கர். ஆந்தையோடு நிற்காமல் பூஞ்சை, பாசி, நத்தை, கல்பாசி வகை (நாம் பிரியாணியில் போடுகிறோமே, அந்தக் குடும்பம்) என்று யாரும் திரும்பிப் பார்க்காத இனங்களையும் பட்டியலில் சேர்த்தார்கள். 2001-இல் விதியைத் திருத்தியபோது அவற்றை வகைவகையாகப் பிரித்தார்கள். அரிதானவற்றுக்குத் தெரிந்த எல்லா இடத்தையும் காக்க வேண்டும். அவ்வளவு அரிதல்லாத, ஆனால் பரவலாகவும் இல்லாதவற்றுக்கு முன்னுரிமை இடங்களை மட்டும் காத்தால் போதும். ஊசியிலையைத் தின்று மரத்தின் மேலேயே வாழும் ஒரு சின்ன எலி இரண்டாம் வகையில் வந்தது.

“முன்னுரிமை இடம்” என்று எழுதுவது சுலபம். எது முன்னுரிமை என்பதில்தான் சண்டையெல்லாம். நம் ஊரில் அந்தச் சண்டைகூட நடப்பதில்லை என்பது என் வருத்தம்.

வடலூரிலிருந்து ஓர் ஆசிரியர்: ஒரு இடத்தில் எண்பது மரம், இன்னொன்றில் எட்டு மரம். ஒன்றைத்தான் காக்க முடியும் என்றால் எண்பதைத்தானே எடுப்பீர்கள்?

எடுத்திருக்கிறேன் ஐயா. எடுத்துவிட்டுப் பிறகு நொந்தும் இருக்கிறேன்.

வீரை மரத்தை வைத்துச் சொல்கிறேன். நம் கரையோர உலர் பசுமைக்காட்டில் அது அரிதல்ல, விளக்குவதற்கு வசதி, அவ்வளவுதான். ஒரு கோயில்காட்டில் ஏறக்குறைய எண்பது வீரை இருந்தது. எல்லாம் கட்டிப்பிடித்தால் கை எட்டாத மரங்கள். பார்க்கக் கம்பீரம். கீழே குனிந்து பார்த்தால் முழங்கால் உயரத்தில் ஒரு கன்றுகூட இல்லை. ஆடு மேய்கிறது, திருவிழாவுக்கு வருஷாவருஷம் தரையைக் கூட்டிப் பெருக்கிச் சருகைக் கொளுத்துகிறார்கள். அந்தக் காடு முதியோர் இல்லம். இன்னும் நூறு வருஷம் நிற்கும், அதற்குப் பிறகு ஒரே தலைமுறையில் காலி.

சில கிலோமீட்டர் தள்ளி ஒரு காப்புக்காட்டின் ஓரம். பெரிய மரம் எட்டுதான். ஆனால் விரல் தடிமனில், கை தடிமனில், தொடை தடிமனில் என்று எல்லா வயதிலும் கன்றுகள். விதை விழுகிறது, பறவை எடுத்துப்போகிறது, முளைக்கிறது. நான் இதைத்தான் எடுப்பேன். மரத்தை எண்ணும்போது சுற்றளவு வாரியாக எண்ணுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான். மொத்த எண்ணிக்கை உங்களை ஏமாற்றும்.

இன்னொன்றும் இருக்கிறது. வீரையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. தில்லை மரமும் அப்படியே. வேறோர் இடத்தில் எட்டு மரமும் ஆணாக இருந்துவிட்டால் அங்கே விதையே கிடையாது. இலையைப் பார்த்து இது தெரியாது. பூக்கிற காலத்தில் போய் அண்ணாந்து நின்றால்தான் தெரியும். ஒரே ஒரு நாள் ஜீப்பில் வந்து கணக்கெடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது எப்படிக் கிடைக்கும்?

அதற்காக எண்பது மரத்தைக் கைவிடச் சொல்லவில்லை. அங்கே தேவை வேலி இல்லை. ஐந்தாறு மழைக்காலம் ஆடு நுழையாமல், சருகைக் கொளுத்தாமல் விட்டாலே போதும். பூசாரியிடம் பேச வேண்டிய விஷயம் அது, வனச்சரகரிடம் அல்ல.

முத்தியால்பேட்டையிலிருந்து மென்பொருள் வேலை பார்க்கும் ஒருவர்: உலகச் சிவப்புப் பட்டியலில் பல செடிகளுக்குக் “கவலை குறைவு” என்றே போட்டிருக்கிறது. அப்புறம் எதற்கு இந்த அலட்டல்?

அந்தப் பட்டியல் உலக அளவில் ஓர் இனம் அற்றுப்போகுமா என்று சொல்கிறது. கடலூர் மாவட்டத்தில் அற்றுப்போகுமா என்பது அதன் கேள்வி அல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை இருக்கிற செடிக்கு உலகக் கணக்கில் கவலை குறைவுதான். உங்கள் ஊர்க் காட்டில் கடைசி மரம் விழும்போது அந்தக் குறிப்பு உதவாது.

நீங்கள் கணக்குப் பிடித்தவர், அதனால் இன்னொன்றும் சொல்கிறேன். அந்த முறையில் ஓர் இனம் உண்மையில் குடியிருக்கும் பரப்பை 2 கிலோமீட்டருக்கு 2 கிலோமீட்டர் கட்டங்களாக அளப்பார்கள். 2 ஹெக்டேர் கோயில்காட்டில் மட்டும் இருக்கிற செடியைக் குறித்தால், காகிதத்தில் அது 4 சதுர கிலோமீட்டர். இருநூறு மடங்கு. உலகம் முழுக்க ஒரே அளவுகோலில் ஒப்பிட அது சரியான முறைதான், குறை சொல்லவில்லை. ஆனால் எந்தத் தோப்பைக் காப்பது என்ற கேள்விக்கு அந்தக் கட்டம் மிகப் பெரிது. அங்கே காலால் நடந்துதான் ஆக வேண்டும்.

கிள்ளையில் படகு ஓட்டும் தம்பி: பிச்சாவரத்துல ஒரு சுரபுன்னை கலப்பு இனம்னு சொல்றாங்க. கலப்புன்னா அதைக் காப்பாத்த வேணாம்னு ஒரு சார் சொன்னாரு. நெஜமா?

அந்தச் சார் அவசரப்படுகிறார். நீ சொல்வது ரைசோபோரா அன்னாமலயானா. பிச்சாவரத்தில் கண்டெடுத்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பேரை வைத்தார்கள். முதலில் தனி இனம் என்றுதான் எழுதினார்கள். பிறகு மரபணுவைப் பார்த்தபோது, அங்கேயே நிற்கும் இரண்டு சுரபுன்னை வகைகள் கலந்து பிறந்தது என்று தெரிந்தது.

கலப்பு மரம் தன் போலவே பிள்ளை பெற்றுப் பெருகுவது கடினம். ஆக அதைக் காக்க வேண்டும் என்றால் அதன் தாய் தகப்பன் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும். அந்த ஒரு மரத்துக்கு வேலி போட்டு என்ன புண்ணியம்? இரண்டும் சேர்ந்து நிற்கும் ஓடைக்கரையைத்தான் காக்க வேண்டும். நீ படகு ஓட்டுகிற வழி எது என்பதும் அதில் ஒரு கேள்வி. கோபித்துக்கொள்ளாதே.

அலையாத்திக்காட்டில் இடத்தை மட்டும் பார்த்தால் போதாது, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். முன்காலத்தில் கூப்பு கூப்பாக மொத்தமாக வெட்டியதில் அந்த இடங்கள் தாழ்ந்து பள்ளமாயின. ஏறி வந்த ஓதநீர் வடியாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறி, மறுபடி மரம் முளைக்காமல் கிடந்தது. மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டித் தண்ணீர் ஏறி இறங்க வழி செய்த பிறகுதான் நட்டது பிழைத்தது. வனத்துறையும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் உங்கள் ஊர் ஆட்களும் சேர்ந்து செய்த வேலை அது. உன் அப்பாவைக் கேட்டால் மண்வெட்டி பிடித்த கதை சொல்லலாம். 2022-இல் பிச்சாவரம், உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் ஏறியது. கௌரவம்தான். ஆனால் வெள்ளாற்றிலும் கொள்ளிடத்திலும் நல்ல தண்ணீர் குறைந்துபோனால் எந்தப் பட்டியலும் உப்பைக் குறைக்காது.

பண்ருட்டி முந்திரி விவசாயி: காட்டு ஓரமா எனக்கு மூணு ஏக்கர் பட்டா இருக்கு. நீங்க வந்து ஏதோ செடியைக் கண்டுபுடிச்சா என் நிலம் போயிடுமா?

போகாதுங்க. நான் பேசுவது காப்புக்காட்டையும் புறம்போக்கையும் பற்றி. ஒரு நிலத்தைக் காப்புக்காடு ஆக்க 1882-ஆம் வருஷத்து வனச்சட்டத்தில் அறிவிப்பு, உரிமை விசாரணை என்று படிப்படியாக முறை இருக்கிறது. செடி முளைத்த மாத்திரத்தில் பட்டா மாறாது. இந்தப் பயத்தில் வரப்போரச் செடியை இரவோடு இரவாகப் பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

அதே விவசாயி, தொடர்ந்து: அப்ப ஒரு பெரிய காட்டை மட்டும் நல்லா காவல் போட்டு வெச்சா ஆவாதா? எதுக்கு அங்கங்க துண்டு துண்டா?

தானே புயல் ராத்திரி எங்கே இருந்தீர்கள்? 2011 டிசம்பர் 30. விடிந்து பார்த்தால் உங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் கூண்டோடு சாய்ந்து கிடந்தனவே. உங்கள் முந்திரி முழுக்க ஒரே கொல்லையில் இருந்திருந்தால்? காட்டுக்கும் அதே கணக்கு. நம் கரை புயல் வழி. அதனால் முன்னுரிமை இடங்களைத் தள்ளித் தள்ளி, வேறு வேறு மண்ணில் எடுக்க வேண்டும். கடலோர மணலில் ஒன்று, செம்மண் மேட்டில் ஒன்று, ஆற்றங்கரையில் ஒன்று. ரொம்பவும் தள்ளிப் போகவும் கூடாது, மகரந்தமும் விதையும் போய்வர வேண்டும். நடுவில் தைலமரமும் சவுக்கும் மட்டுமே நிற்கிற நிலம் என்றால் போக்குவரத்து அறுந்துவிடும்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: நான் கண்ட அரிய செடியின் இடத்தை வரைபடத்தில் போடலாமா?

வேண்டாம். ஊர் பேரோடு நிறுத்துங்கள். துல்லியமான இடத்தை வனத்துறைக்கும் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் மட்டும் கொடுங்கள். சந்தன மரம் நிற்கிற இடத்தை ஊருக்கெல்லாம் சொன்னால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஊராட்சி வார்டு உறுப்பினர் ஒருவர்: எங்கள் ஊரில் ஐயனார் கோயில்காடு இருக்கிறது. மொத்தமே சில ஏக்கர்தான். இதற்கெல்லாம் சட்டத்தில் இடம் உண்டா?

உண்டு. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 37-ஆவது பிரிவுப்படி, உள்ளாட்சியைக் கலந்துகொண்டு மாநில அரசு ஓர் இடத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கலாம். தமிழ்நாட்டில் முதலில் அறிவித்தது மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டி, 2022-இல், சுமார் 193 ஹெக்டேர். அதைப் பார்த்து மலைக்காதீர்கள். 2025-இல் திண்டுக்கல் மாவட்டத்துக் காசம்பட்டிக் கோயில்காட்டை அறிவித்தார்கள். அது 5 ஹெக்டேர்கூட இல்லை.

முதலில் உங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழுவைக் கூட்டி, மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் அந்தக் காட்டைச் சேருங்கள். பல ஊரில் அந்தப் பதிவேடு பக்கத்து ஊருடையதைப் பார்த்து எழுதியதாக இருக்கும். உங்கள் ஊர்க் கிழவிகளை உட்காரவைத்து எழுதுங்கள். திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் பக்கத்துக் காடுகளைப் புதுவைப் பல்கலைக்கழகத்தார் தொண்ணூறுகளிலேயே மரம் மரமாக எண்ணி வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊரும் அப்படி எண்ணியதா என்று விசாரியுங்கள். பழைய கணக்கு இருந்தால் கூடியதா குறைந்ததா என்று தெரியும்.

கும்பாபிஷேகத்துக்குக் கோயிலைச் சுற்றி சிமெண்ட் தளம் போட நன்கொடை வரும். அதைக் கோபுரத்துக்குத் திருப்பிவிடுங்கள், தரைக்கு விடாதீர்கள்.

பேர் சொல்லாத ஒருவர்: எந்தச் செடி வாழணும், எது சாகணும்னு முடிவு பண்ண நீ யாரு? எல்லாம் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு எழுதறது.

திட்டியதில் இதைத்தான் வைத்துக்கொண்டேன். பதில் சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன் ஒரு கொடியின் இடங்களைப் பட்டியல் போடும் வேலை எனக்கு வந்தது. பழைய பதிவுகளையும் உலர்செடித் தாள்களையும் (செடியைக் காயவைத்து ஒட்டி, எடுத்த இடத்தைக் குறித்து வைத்த தாள்கள்) புரட்டிப் பத்து இடம் சேர்த்தேன். பத்து இருக்கிறதே என்ற தைரியத்தில், தைலமரம் நட ஒதுக்கியிருந்த ஓர் இடத்தைப் “முன்னுரிமை இல்லை” என்று எழுதிக் கொடுத்தேன். நட்டுவிட்டார்கள். அடுத்த இரண்டு வருஷத்தில் மற்ற ஒன்பதுக்கும் நடந்து போனேன். ஏழு இடத்தில் கொடி இல்லை. ஓரிடத்தில் காடே இல்லை, வீட்டுமனைக் கல் நட்டிருந்தது. தாளில் இருந்தது உண்மைதான், ஆனால் அது நான் பிறப்பதற்கு முந்தைய உண்மை. மிச்சம் இரண்டு. நான் விட்டுக்கொடுத்தது மூன்றாவது.

அன்று முதல் ஒரு பழக்கம். பத்து வருஷத்துக்குள் யாரும் கண்ணால் பார்க்காத இடத்தைப் பட்டியலில் எண்ணுவதில்லை, தேட வேண்டிய இடம் என்று தனியாக எழுதுகிறேன். தேடியும் கிடைக்காததும், தேடவே போகாததும் ஒன்றல்ல. உலர்செடித் தாளைக் குறை சொல்லவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்திருப்பது இல்லையென்றால் எங்கே தேடுவது என்றே தெரியாது. எங்கே போவது என்று தாள் சொல்லும். போனால்தான் இருக்கிறதா என்று தெரியும்.

நீங்கள் கேட்டபடி நான் யாரும் இல்லை. ஆனால் காட்டுக்கு வொர்க்கிங் பிளான் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எழுதத்தான் போகிறார்கள். எங்கே நடலாம், எங்கே கை வைக்கக்கூடாது என்று அதில் யாரோ எழுதத்தான் போகிறார்கள். அதற்கு முன்னால் நடந்து பார்த்தவர்கள் சிலராவது பேசட்டும் என்பதற்காகவே இந்த எழுத்து.

நெல்லிக்குப்பத்து மாணவி, மறுபடியும்: நாங்க நாலு பேர் வரலாமா சார்? எப்ப வரலாம்?

ஐப்பசி, கார்த்திகை மழை விட்டு, தை பிறந்ததும் வாருங்கள். மழையில் முளைத்த கன்று அப்போது இரண்டு மூன்று இலையோடு நிற்கும், எண்ணச் சுலபம். முழுக்கைச் சட்டை, அளவு நாடா, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். காப்புக்காட்டுக்குள் போக அனுமதிக் கடிதம் வேண்டும், அதை மார்கழியிலேயே எழுதிப் போட்டுவிடுங்கள். தில்லைப் பக்கம் போகிற அன்று யாரும் கிளையை ஒடிக்கக் கூடாது, பால் கண்ணில் பட்டால் அன்றைய எண்ணிக்கை அதோடு போச்சு.